பழைய கேமராவில் டிராக் ஃபிளிக்: சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 4, ஸ்லோமோஷனுக்காக மட்டும் ஒரு விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாண வீட்டில் பூ தூவுவதையும், அருவியில் தண்ணீர் தெறிப்பதையும் அழகாக எடுத்து ஸ்டேட்டஸ் வைக்க நினைப்பவர்களுக்கு இந்தக் கேமரா தேவையில்லை. கையில் இருக்கும் ஃபோனே போதும். ஒரு வேகமான அசைவுக்குள் என்னதான் நடக்கிறது என்று ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திப் பார்க்க வேண்டியவர்கள் மட்டும் மேலே படியுங்கள். 2015இல் வந்த மாடல் இது. இன்றைக்கும் பழைய கேமரா கடைகளில் தேடி வாங்கலாம் என்பது என் கட்சி. பெட்டியில் நொடிக்கு 1000 ஃபிரேம் (படம்) என்று போட்டிருப்பதற்காக அல்ல. அதிலுள்ள 250 ஃபிரேமுக்காகவும், நடந்து முடிந்த பிறகு பட்டனை அமுக்கினாலும் பதிவாகிற எண்ட் டிரிகர் என்கிற ஒரே ஒரு வசதிக்காகவும்.

நான் கோவில்பட்டிக்காரன். எங்கள் ஊரில் தீப்பெட்டி, கடலைமிட்டாய்க்கு அடுத்து ஹாக்கிதான். மாவட்ட அளவில் ஆடியவன், இப்போது காலையிலும் மாலையிலும் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பெனால்டி கார்னரில் டிராக் ஃபிளிக் அடிக்க வருகிற பையன்களுக்குத் தப்பு எங்கே என்று வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. பின்கோட்டிலிருந்து இன்ஜெக்டர் தள்ளிவிடும் பந்தை ஸ்டாப்பர் டி-க்கு (கோலுக்கு முன்னால் உள்ள அரைவட்டம்) வெளியே நிறுத்துவான். ஃபிளிக்கர் ஓடிவந்து, வலது காலை இடது காலுக்குப் பின்னால் குறுக்கே வைத்து, பந்தை மட்டையோடு இழுத்துக்கொண்டே டி-க்குள் வந்து, இடது கால் ஊன்றியதும் சொடுக்குவான். "இடுப்பு முதலில் திரும்பணும், தோள் அப்புறம், மட்டை கடைசி" என்று சொன்னால், "அப்படித்தானே மாஸ்டர் செய்றேன்" என்பான். நேரில் பார்க்கும்போது அப்படித்தான் தெரியும். எனக்கே அப்படித்தான் தெரியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் பையன்களின் ஃபிளிக் மணிக்கு 78 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 21.7 மீட்டர். சாதாரண வீடியோ நொடிக்கு 25 ஃபிரேம். அதாவது ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் நடுவே பந்து 87 சென்டிமீட்டர் போய்விடும். ஒரு ஃபிரேமில் பந்து மட்டையில், அடுத்த ஃபிரேமில் காற்றில். நமக்கு வேண்டிய சங்கதி நடுவில் காணாமல் போயிருக்கும். 250 ஃபிரேமில் எடுத்தால் அந்த இடைவெளி 8.7 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட பந்தின் அகலத்தைவிடக் கொஞ்சம் கூட. 1000 ஃபிரேமில் 2.2 சென்டிமீட்டர்.

ஸ்லோமோஷனின் அடிப்படை அவ்வளவுதான். வேகமாக எடு, மெதுவாக ஓட்டு. 250 எடுத்து 25ஆக ஓட்டினால் பத்து மடங்கு மெதுவு. 1000 எடுத்து 25ஆக ஓட்டினால் நாற்பது மடங்கு. கையால் சுற்றுகிற ஃபிலிம் கேமரா காலத்தில் கைப்பிடியை வேகமாகச் சுற்றியே இதைச் செய்தார்கள். 1904இலேயே ஆஸ்திரியாவில் ஆகஸ்ட் முஸ்கர் என்கிற பாதிரியார் கண்ணாடிகள் பொருத்திய உருளையை வைத்து ஸ்லோமோஷனுக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். பூசை நேரம் போக மிச்ச நேரத்தில் மனிதர் என்னவெல்லாம் யோசித்திருக்கிறார் பாருங்கள்.

டிஜிட்டலில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சென்சாரில் ஒளி விழுவது பெரிய விஷயமில்லை. விழுந்ததை வரி வரியாகப் படித்து வெளியே எடுத்துப்போவதுதான் கஷ்டம். நொடிக்கு ஆயிரம் தடவை படிக்கிற அளவுக்கு வேகம் வேண்டும். படித்ததை மெமரி கார்டில் அதே வேகத்தில் எழுதவும் முடியாது. ஆர்எக்ஸ்100 மார்க் 4இல் சோனி செய்தது என்னவென்றால், ஒரு அங்குல சென்சாரில் ஒளியை வாங்கும் பகுதிக்குப் பின்னால் சர்க்யூட்டை அடுக்கி, கூடவே டிரேம் மெமரியையும் ஒட்டவைத்தது. சோளத்தை அறுத்ததும் களத்தில் குவித்து வைத்து, அப்புறம் நிதானமாக மூட்டை கட்டுகிற மாதிரி. ஃபிரேம்கள் முதலில் அந்த மெமரியில் விழும், பிறகு மெதுவாகக் கார்டுக்குப் போகும்.

களம் சின்னது என்பதுதான் குறை. அதனால்தான் தரத்துக்கு முன்னுரிமை என்று வைத்தால் 2 நொடி, நேரத்துக்கு முன்னுரிமை என்று வைத்தால் 4 நொடி, அதற்கு மேல் ஒரு ஷாட்டில் எடுக்க முடியாது. வாங்கும்போது இதைப் படித்துவிட்டு, "இரண்டு நொடியை வைத்து என்ன செய்ய?" என்று தலையில் அடித்துக்கொள்ளாதீர்கள். 250 ஃபிரேமில் 2 நொடி என்றால் 500 ஃபிரேம். 25ஆக ஓட்டினால் 20 நொடி வீடியோ. ஒரு ஃபிளிக்குக்கு அது தாராளம்.

இப்போது எண்ட் டிரிகருக்கு வருகிறேன். கேமராவை ஸ்டாண்ட்பையில் போட்டால் அது உள்ளுக்குள் படம் பிடித்துக்கொண்டே இருக்கும். பழையதை அழித்துப் புதியதை எழுதும். நீங்கள் பட்டனை அமுக்கும் நொடியில், அதற்கு முந்தைய 2 நொடியை எடுத்துக் கார்டில் போடும். நடந்து முடிந்தபிறகு அமுக்கினால் போதும்! பெனால்டி கார்னரில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது எடுத்தவர்களுக்குத்தான் தெரியும். இன்ஜெக்டர் பந்தைத் தள்ளுவதில் தாமதம், ஸ்டாப்பர் கைநழுவ விடுவது, ஃபிளிக்கர் பாதியில் நின்றுவிடுவது எல்லாம் நடக்கும். ஸ்டார்ட் டிரிகர் வைத்து அமுக்கினால் பாதிக்குப் பாதி வீண். எண்ட் டிரிகரில் பந்து பலகையில் மோதிய சத்தம் கேட்டதும் அமுக்குகிறேன், ஓட்டம் முதல் கோல் வரை எல்லாம் உள்ளே இருக்கிறது. நல்ல ஷாட் இல்லையென்றால் அமுக்காமலே விட்டுவிடலாம். கார்டும் மிச்சம், பொறுமையும் மிச்சம்.

பொறுமை என்றதும் இன்னொன்று. அமுக்கிய பிறகு கேமரா அந்த வீடியோவைக் கார்டில் எழுதுகிறது. அதற்கு ஏறக்குறைய அந்த வீடியோ ஓடுகிற நேரமே பிடிக்கும். 250 ஃபிரேம் என்றால் 20 நொடி, பந்தைத் திரும்ப எடுத்துவரும் நேரத்துக்குள் முடிந்துவிடும். 1000 ஃபிரேமில் 2 நொடி எடுத்து 25ஆக ஓட்டினால் 80 நொடி வீடியோ. அத்தனை நேரம் அடுத்த பையன் டி-யின் விளிம்பில் மட்டையை ஊன்றிக்கொண்டு நிற்பான். வேண்டாமென்றால் நடுவில் நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் அதைச் செய்யவும் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

1000 ஃபிரேமை நான் இப்போதெல்லாம் தொடுவதில்லை. காத்திருப்பது மட்டும் காரணமில்லை, படமே சுமார்தான். வேகமாகப் படிக்க வேண்டுமென்றால் குறைவான வரிகளைத்தான் படிக்க முடியும். தர முன்னுரிமையில் 250 ஃபிரேமுக்குச் சென்சாரிலிருந்து எடுப்பது 1824 × 1026 புள்ளிகள், கிட்டத்தட்ட முழு ஹெச்டி. 500க்குப் போனால் 1676 × 566. 1000க்கு 1136 × 384தான். நேர முன்னுரிமையில் 1000 என்றால் 800 × 270. எதை எடுத்தாலும் கடைசியில் 1920 × 1080ஆக இழுத்துத்தான் கார்டில் வைக்கும், அதனால் ஃபைலின் அளவைப் பார்த்து ஏமாறக்கூடாது. உயரவாக்கில் வரிகள் குறைவதால் கோல் கம்பத்தின் மேல் கட்டை, படுக்கையாகப் பிடித்த மட்டை எல்லாம் படிக்கட்டு மாதிரி உடையும். மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்க வேண்டிய இடத்தில் நாலு புள்ளிதான் இருக்கும்.

அதைவிட முக்கியமான ஒன்றை விளம்பரத்தில் யாரும் சொல்வதில்லை. ஃபிரேம் எண்ணிக்கை வேறு, ஷட்டர் வேகம் வேறு. நொடிக்கு 250 படம் எடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதுதான் படம் தெளிவா, இழுபட்டதா என்று முடிவு செய்கிறது. 1/250 நொடி என்று விட்டால் 78 கிலோமீட்டர் வேகப் பந்து திறந்திருக்கும் நேரத்துக்குள் 8.7 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஹாக்கிப் பந்தின் அகலமே 7 சென்டிமீட்டரும் சொச்சமும்தான். வெள்ளையாக ஒரு கோடுதான் கிடைக்கும். அதே 250 ஃபிரேமில் ஷட்டரை 1/2000 வைத்தால் இழுவை ஒரு சென்டிமீட்டர், பந்து பந்தாகத் தெரியும். 1000 ஃபிரேமை 1/1000இல் எடுப்பதைவிட இது தெளிவு. ஹெச்எஃப்ஆர் (ஸ்லோமோஷன் முறை) பக்கம் டயலைத் திருப்பியதும் எக்ஸ்போஷரை மேனுவலுக்கு மாற்றி ஷட்டரை நீங்களே வையுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாதவர்கள்தான் "ஸ்லோமோ எடுத்தேன், எல்லாம் மங்கல்" என்று புலம்புகிறவர்கள்.

ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் வெளிச்சம் வேண்டும். 1/50இல் கிடைக்கும் ஒளியில் நாற்பதில் ஒரு பங்குதான் 1/2000இல் கிடைக்கும். வெயிலுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. லென்ஸ் எஃப் 1.8இலிருந்து 2.8 வரை திறக்கிறது என்பதால் உச்சி வெயிலில் ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன்) கூட்டாமலே 1/3200 வரை போகலாம். காலை ஏழு மணிக்கு முன்னால் ஐஎஸ்ஓ ஏறும், புள்ளி தட்டும், ஆனாலும் வேலைக்கு ஆகும். மாலையில் விளக்கு போட்ட பிறகு எடுப்பதை நான் விட்டுவிட்டேன்.

விளக்கின் கதை தனி. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதில் எரிகிற பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 250 ஃபிரேமில் எடுத்து 25ஆக ஓட்டினால் நொடிக்குப் பத்துத் துடிப்பு, பார்க்கவே தலை வலிக்கும். 1000இல் எடுத்தால் இரண்டரைத் துடிப்பு, மைதானமே மூச்சு விடுகிறதோ என்று தோன்றும். நல்ல டிரைவர் போட்ட எல்இடி விளக்காக இருந்தால் இது வராது. உங்கள் மைதானத்தில் எந்த விளக்கு என்பது, எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். கேமராவில் பேல், என்டிஎஸ்சி என்று இரண்டு டிவி முறைகள் உண்டு. பேலில் வைத்தால் 250, 500, 1000. என்டிஎஸ்சியில் வைத்தால் 240, 480, 960. நம் ஊருக்கு பேல்தான் சரி. நடுவில் மாற்றினால் கார்டை ஃபார்மேட் செய்யச் சொல்லும், எல்லாம் போய்விடும், அதனால் வாங்கிய அன்றே முடிவு செய்துவிடுங்கள்.

"மாஸ்டர், என் ஃபோனிலேயே 960 இருக்கே" என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான், வைத்துப் பார்த்தோம். ஃபோன்களில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, சில ஃபோன்கள் குறைவான ஃபிரேம்களை எடுத்துவிட்டு, நடுவில் இருக்க வேண்டியதை மென்பொருளை வைத்துக் கணித்து நிரப்புகின்றன. பூ விழுவதற்கு அது பரவாயில்லை. பந்து மட்டையை விட்டுப் பிரிகிற நொடியை மென்பொருள் ஊகித்துச் சொன்னால் அதை வைத்து நான் என்ன சொல்லிக்கொடுப்பது? சந்தேகமிருந்தால் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள்; பந்தைச் சுற்றி ஆவி மாதிரி ஒரு கலங்கல் தெரிந்தால் அது எடுத்த ஃபிரேம் இல்லை, வரைந்த ஃபிரேம்.

இரண்டாவது, மட்டை வளைவது. ஃபோன் வீடியோவைப் பார்த்து எங்கள் பையன்கள் ஒரு வாரம் சண்டை போட்டார்கள். சொடுக்கும்போது மட்டை பிரம்பாக வளைகிறது, அதனால்தான் வேகம் வருகிறது என்று ஒரு கட்சி. சென்சார் மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதால், முதல் வரியைப் படித்த நேரத்துக்கும் கடைசி வரியைப் படித்த நேரத்துக்கும் நடுவே மட்டை நகர்ந்துவிடுகிறது. நேரான மட்டை சாய்ந்தும் வளைந்தும் விழுகிறது. அடுக்கு சென்சார் வேகமாகப் படிக்கிறது என்பதால் சோனியில் இந்தக் கோணல் மிகவும் குறைவு. அதில் எடுத்துக் காட்டியதும் சண்டை ஓய்ந்தது. மிச்சம் தெரிந்த வளைவு மட்டையில் இருப்பதே. விதிப்படி 25 மில்லிமீட்டர் வரை வளைவு இருக்கலாம், ஃபிளிக்கர்கள் அந்த வளைவு கீழே தள்ளி வருகிற மட்டையாகப் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

இந்தக் கேமரா எங்களுக்கு என்ன காட்டிக்கொடுத்தது? எங்கள் நல்ல ஃபிளிக்கருக்கு இடுப்பும் தோளும் ஒரே ஃபிரேமில் திரும்புகின்றன. இடுப்பு முந்த வேண்டும், அந்த இடைவெளியில்தான் உடம்பு முறுக்கேறும். அவனிடம் அது இல்லை. உயரம் இருந்தும் வேகம் ஏன் வரவில்லை என்பதற்கு விடை அங்கே இருந்தது. இன்னொரு பையனுக்கு இடது கால் தரையில் படுவதற்கு முன்பே பந்து மட்டையின் நுனிக்கு உருண்டு வந்துவிடுகிறது. கால் ஊன்றும்போது சொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை, வீடியோவைக் கையில் கொடுத்தேன். தானே முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துவிட்டு, "ச்சே" என்றான். மறுநாள் இன்னும் ஓரடி பின்னாலிருந்து பந்தை எடுக்க ஆரம்பித்துவிட்டான்.

வேகம் அளக்கவும் இதுவே போதும், தனி ஸ்பீடு கன் வேண்டாம். பந்து மட்டையை விட்ட இடத்திலிருந்து கோல் பலகை வரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். 13 மீட்டர் என்று வைப்போம். பந்து விட்ட ஃபிரேம் முதல் பலகையில் பட்ட ஃபிரேம் வரை எண்ணினால் 150. 250ஆல் வகுத்தால் 0.6 நொடி. 13ஐ 0.6ஆல் வகுத்து 3.6ஆல் பெருக்கினால் மணிக்கு 78 கிலோமீட்டர். டி-யின் ஆரம் 14.63 மீட்டர் என்று அதையே போட்டுவிடாதீர்கள், ஃபிளிக்கர் டி-க்குள் வந்துதான் பந்தை விடுகிறான், வேகம் கூடுதலாகக் காட்டும். பையன்களுக்கு அது சந்தோஷம்தான், ஆனால் பொய்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஸ்லோமோஷன் முறையில் சத்தம் பதிவாகாது, மட்டையில் பந்து உருளும் ஓசையை வைத்துக் கண்டுபிடிக்கிற என்னைப் போன்றவர்களுக்கு அது ஒரு இழப்பு. ஸ்டாண்ட்பையில் போட்டதும் ஜூம், ஃபோகஸ், எக்ஸ்போஷர் எல்லாம் பூட்டிக்கொள்ளும். பையன் ஓரடி தள்ளி ஓடிவந்தால் நாம் திரும்ப வெளியே வந்து சரிசெய்து உள்ளே போக வேண்டும். அதனால் டிரைபாடில் பக்கவாட்டில் நிறுத்தி, பந்து வைக்கிற இடத்தில் ஒரு மட்டையை நிற்கவைத்து ஃபோகஸ் செய்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். பேட்டரி சின்னது, ஸ்டாண்ட்பையிலேயே நிறைய தின்னும். என்பி-பிஎக்ஸ்1 பேட்டரி இன்னொன்று கட்டாயம். மைக்ரோ யுஎஸ்பி வழியாகப் பவர் பேங்கில் சார்ஜ் ஏறும் என்பது மைதானத்தில் பெரிய வரம். மொத்தம் 300 கிராமுக்கும் குறைவு, விசில் தொங்குகிற பையிலேயே போட்டுக்கொள்ளலாம். தண்ணீருக்குப் பாதுகாப்பு கிடையாது. டர்ஃபுக்குத் தண்ணீர் அடிக்கிற நேரத்தில் தூர வைத்துவிடுங்கள்.

வந்த புதிதில் கிட்டத்தட்ட 1000 டாலர் விலை.  நான் வாங்கிய கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. "லென்ஸ் கண்ணாடி மாதிரி இருக்கு அண்ணாச்சி" என்று கொடுத்தார்கள், வீட்டுக்கு வந்து வெள்ளைச் சுவரை எடுத்துப் பார்த்தால் இரண்டு கறுப்புப் புள்ளி. லென்ஸைக் கழற்ற முடியாத கேமரா என்பதால் சென்சாரில் தூசி போனால் நாமே துடைக்க வழியில்லை. என் வேலைக்கு அது இடைஞ்சலில்லை, லென்ஸைத் திறந்து வைத்து எடுக்கும்போது தெரியாது. நீங்கள் வாங்கும்போது கடையிலேயே லென்ஸை எஃப் 11க்குச் சுருக்கி வெள்ளைத் தாளை ஒரு படம் எடுங்கள். ஜூமை முழுக்க நீட்டிச் சுருக்கி, உறுமுகிறதா, திக்குகிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள். மேலே எழும்புகிற வியூஃபைண்டர் ஒரு தட்டில் வருகிறதா பாருங்கள். டயலை ஹெச்எஃப்ஆரில் வைத்து ஒரு ஷாட் எடுத்து, அது கார்டில் எழுதி முடிக்கிற வரை கடையை விட்டு நகராதீர்கள். கார்டு கிளாஸ் 10 இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த ஷாட்டே எடுக்க விடாது.

வீடியோவைப் பார்க்க கம்ப்யூட்டரில் கினோவியா என்கிற இலவச மென்பொருள் போதும். எடுத்த வேகம் 250 என்று அதில் சொல்லிவிட்டால் நேரத்தைச் சரியாகக் காட்டும், முழங்கால், இடுப்பு, தோள் மூன்றுக்கும் கோணம் போட்டு வைத்துக்கொள்ளலாம். விண்டோஸில்தான் ஓடும். அவசரத்துக்கு விஎல்சியில் வீடியோவை ஓட்டி இ பட்டனைத் தட்டினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும்.

கோட்டுக்குப் பக்கத்தில் நிற்க முடியாமல் கேலரியிலிருந்து எடுக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு மாற்று. ஆர்எக்ஸ்100இன் லென்ஸ் 70 மில்லிமீட்டரோடு முடிந்துவிடும், தூரத்து ஆள் சின்னதாகத்தான் விழுவார். இதே சென்சார், இதே எண்ட் டிரிகர், இதே 2 நொடியோடு ஆர்எக்ஸ்10 மார்க் 2 என்று ஒன்று இருக்கிறது. 24இலிருந்து 200 மில்லிமீட்டர் வரை போகும், எல்லா ஜூமிலும் எஃப் 2.8. எடை 800 கிராமைத் தாண்டும், பழையதாக வாங்கினாலும் விலை கூடுதல்தான். ஆனால் மேட்ச் அன்று டி-க்குப் பக்கத்தில் உங்களை விடமாட்டார்கள் என்றால் அதைத்தான் தேட வேண்டும்.